கடித உறைக்குள் வைத்த சம்பளம்

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது.

இந்த நாட்டில் இருபத்து மூன்று வருடம் இருந்தவனுக்குக் கடிதத்தைப் பிரிக்காமலே வாசிக்கத் தெரியும். தடித்த கடிதம் என்றால் விளம்பரம், அல்லது நிரப்பச் சொல்லி ஒரு படிவம். பயமில்லை. ஒற்றைத் தாள், ஜன்னல் வைத்த உறை, முத்திரைக்குப் பதில் இயந்திர அச்சு... அப்படியென்றால் எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து என்னைப் பற்றி யோசித்திருக்கிறார். அகதி விண்ணப்பம் போட்ட காலத்தில் பிடித்த பயம் இது. கடவுச்சீட்டு மாறிவிட்டது. வயிறு மாறவில்லை.

வந்தது ஒற்றைத் தாள்.

மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஜேர்மன் அலுவலகங்களின் மரியாதை கூடக் கூட எனக்குக் கால் நடுங்கும். நடுங்கக்கூடிய கால் இப்போது ஒன்றுதான் என்பது வேறு விஷயம். 'உங்கள் பட்ஜெட் கணக்கிலிருந்து ஏப்ரல் மாதம் ரொக்கமாக எடுக்கப்பட்ட 960 யூரோ எதற்குச் செலவிடப்பட்டது என்பதை இரண்டு வாரத்துக்குள் உரிய ஆதாரங்களோடு விளக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' அதற்குக் கீழே இன்னொரு வரி. விளக்கம் திருப்தி தராவிட்டால் உடன்படிக்கை ரத்தாகலாம்.

அன்புடன்!

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து என் வலது கையும் வலது காலும் வேலைநிறுத்தத்தில் இறங்கியதை இந்தப் பத்திரிகைப் பத்தியில் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது அதற்குப் பிறகு நடந்தது. நாங்கள் இருப்பது வுப்பர்டாலில், மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்திரண்டு படிகள். என் மனைவி கௌரி காலை ஆறு மணிக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைக்கு வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவாள். ஆஸ்பத்திரிகளை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகு ஒன்பது மாதம் நான் கீழே இறங்கவில்லை. அந்த ஒன்பது மாதமும் சந்தைக்குப் போனேன், நூலகத்தில் ஒருவரைச் சந்தித்தேன், தொங்கு ரயிலில் ஒரு கிழவர் இப்படிச் சொன்னார் என்றெல்லாம் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா? அத்தனையும் பொய். ஜன்னலில் இருந்து எழுதியவை. கிழவர் எதிர்வீட்டுக்காரர். அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

என்னை வெளியே கொண்டுவந்தது ஒரு சட்டம். உடல் இயலாதவர்களுக்கு 'தனிநபர் பட்ஜெட்' என்று ஒன்று போன வருடத்திலிருந்து உரிமையாகவே கிடைக்கிறது. முன்பென்றால் சமூகநல அலுவலகம் ஒரு நிறுவனத்தை அனுப்பும், நிறுவனம் ஒரு ஆளை அனுப்பும். இப்போது பணத்தை நேரே நம் கையில் தருகிறார்கள். நமக்கு வேண்டிய உதவியாளரை நாமே வைத்துக்கொள்ளலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் முதலாளி! ஏழு பக்க உடன்படிக்கையில் இடது கையால் கையெழுத்து வைத்தேன். தடித்த ரஷ்ய நாவல்களை அடிக்குறிப்பு உட்பட வாசித்து முடித்தவன் நான். அந்த ஏழு பக்கத்தை வாசிக்கவில்லை.

கடிதம் வந்த அன்றுதான் வாசித்தேன். ஐந்தாம் பக்கத்தில் எல்லாம் இருந்தது. இந்தப் பணம் உதவியாளருக்கு மட்டும். சாப்பாட்டுக்கில்லை, வாடகைக்கில்லை, ஒரே வீட்டில் இருக்கும் உறவினருக்கில்லை. சம்பளம் வங்கி வழியாகப் போகவேண்டும். மணித்தியாலத் தாளில் இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். கடைசியில், யாரோ என் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியது போல ஒரு வரி: அன்பளிப்புகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

நான் செய்ததெல்லாம் அது ஒன்றைத்தான்.

உதவிக்கு வந்தவள் மெற்றில்டா. மன்னார்ப் பிள்ளை. அவளுடைய கணவனும் நானும் அகதி விடுதியில் ஒரே அறையில் ஒன்றரை வருடம் இருந்தவர்கள். அவளுக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணைக்கு நின்றது கௌரி. தை மாதத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருகிறாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம். என்னைப் படியிறக்கும் விதம் ஒன்று வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு படி கீழே, என் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்குவாள். ஐம்பத்திரண்டு படியும் அப்படித்தான், கீழே வாசலில் நிற்கும் சக்கர நாற்காலி வரை. நான் விழுந்தால் அவள் மேல்தான் விழவேண்டும்.

ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. வங்கிக் கணக்கு இலக்கம் எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கேட்டேன். சிரித்தாள். இரண்டாம் முறை கேட்டபோது சிரிக்கவில்லை.

"அண்ணை, உங்களிட்ட நான் சம்பளம் வாங்கிறதோ? அக்கா எனக்குச் செய்ததுக்குக் கணக்கு ஆர் எழுதினது?"

அவ்வளவுதான். பன்னிரண்டு வாரம் வந்தாள். பட்ஜெட் கணக்கில் அவளுடைய பணம் சேர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அப்போது ஈஸ்டர் முடிந்த ஞாயிறு அவளுடைய மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விழா வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, வெள்ளைச் சட்டை, தலையில் பூ முடி. மண்டபத்தில் சாப்பாடு, கேக், வாசலில் அன்பளிப்பு உறைகளுக்கு ஒரு பெட்டி. கௌரிக்கு அந்த யோசனை வந்தது. பன்னிரண்டு வாரச் சம்பளம் முழுவதையும் வங்கியில் எடுத்து ஒரு உறைக்குள் வைத்து, மேலே பிள்ளையின் பெயரை எழுதினாள். பிள்ளைக்குக் கொடுப்பதை எந்தத் தாய் வேண்டாம் என்று சொல்வாள்? எங்கள் புத்திசாலித்தனத்தை நினைத்து இரண்டு பேரும் ஒரு வாரம் மகிழ்ந்தோம். அடுத்த மூன்று மாதச் சம்பளத்துக்குப் பிள்ளையின் பிறந்தநாள் ஆவணியில் வருகிறது என்றுகூடக் கௌரி கணக்குப் பார்த்து வைத்திருந்தாள்.

நீங்களும் எங்களைப் போன்றவர் என்றால் இதைத்தானே செய்திருப்பீர்கள்? ஆம் என்று சொல்லுங்கள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கடிதத்தை வாசித்த பிறகு ஜன்னலுக்குப் போனேன். எதிர்வீட்டுக் கிழவர் அங்கேதான் இருந்தார். ஒன்பது மாதமாக நான் பார்த்த அதே தலை. பயம் என்றால் என்ன என்பதற்கு எத்தனையோ புத்தகங்களில் விளக்கம் படித்திருக்கிறேன். ஒன்றிலும் அந்தத் தலை இல்லை. பட்ஜெட் போனால் மெற்றில்டா போவாள். இனி நான் சாகும்வரை அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்... சந்தைக்குப் போனேன் என்று உங்களுக்கு மறுபடியும் பொய் எழுதிக்கொண்டு.

ஆலோசனை கேட்காமல் ஒரு தமிழன் இருப்பானா? தமிழ்க் கடை வைத்திருக்கும் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அரை நிமிடத்தில் வழி சொன்னார். சக்கர நாற்காலி திருத்தியதாக 960 யூரோவுக்கு அவரே ஒரு ரெக்னுங், அதாவது பில், அடித்துத் தருவாராம். முருங்கைக்காயும் நெத்தலிக் கருவாடும் விற்கிற கடை சக்கர நாற்காலி திருத்தியதாக! சிரிக்க வேண்டிய இடம். நான் சிரிக்கவில்லை. 'பாப்பம்' என்று சொல்லி வைத்தேன். அந்த 'பாப்பம்' கடிதத்தைவிட என்னைப் பயமுறுத்தியது. நல்ல மனிதனாக இருப்பதற்கும் எனக்கும் இடையில் இருந்தது ஒரு பில் மட்டும்தான் என்று தெரிந்துவிட்டது அல்லவா?

வெள்ளிக்கிழமை மெற்றில்டாவிடம் சொன்னேன். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். கதிரையில் இருந்துவிட்டாள். என்மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பயந்தது வேறொன்றுக்கு.

"நான் கொன்ரோ நம்பர் தராதது அக்காவுக்காக மட்டும் இல்லை அண்ணை. கோயிலுக்கு வாற சனம் என்ன கதைக்கும்? காசுக்குத்தான் இவரைத் தள்ளிக்கொண்டு திரியிறாள் எண்டு சொல்லுவினம். மணித்தியாலத் துண்டில கையெழுத்து வைச்சிட்டா அது உண்மையாப் போயிடுமே."

அவள் போன பிறகும் அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் அது என் பயமும்தான். கணக்கு இலக்கத்தை நான் ஏன் மூன்றாம் தடவை கேட்கவில்லை? தெருவில் யாராவது அறிமுகமானவர் எதிர்ப்பட்டால், 'தங்கச்சி மாதிரி, அன்பில வாறா' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு அது வேண்டியிருந்தது. கூலிக்கு ஆள் வைத்து வெளியே போகிறவன் என்று ஒரு தாளில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அலுவலகம் விதித்த கட்டுப்பாடு ஒன்றுதான்: உண்மையில் என்ன நடக்கிறதோ அதை எழுது. எங்கள் இரண்டு பேராலும் முடியாத காரியமும் அது ஒன்றுதான்.

கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, ரெக்னுங் வேண்டாம் என்றேன். அவர் என்னை முட்டாள் என்று சொல்லவில்லை. 'சரி அண்ணை, உங்கட விருப்பம்' என்றார். அந்தத் தொனி போதுமானது.

அடுத்த புதன்கிழமை அலுவலகத்தில் டெர்மின், நேரம் கேட்டு வாங்கியிருந்தேன். தொங்கு ரயிலில் போனோம். மெற்றில்டா தன் கைப்பையைத் தட்டிக் காட்டினாள். "பயப்பிடாதேங்கோ, நான் ஆதாரம் கொண்டு வந்திருக்கிறன்."

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அலுவலகத்தில் இருந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. மேசையில் என் கோப்பு. என்னைவிடத் தடிப்பாக இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பயத்தில் என் ஜேர்மன் மொழி பத்து வருடம் பின்னால் போய்விட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முதல் நன்மை என்றதும் தலையாட்டினார். அவருக்கு அது தெரிந்த விழாதான். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார். "பணத்தைக் குழந்தைக்குக் கொடுத்தீர்களா, தாய்க்குக் கொடுத்தீர்களா?"

குழந்தைக்கு என்றால் அன்பளிப்பு. கூடாது. தாய்க்கு என்றால் சம்பளம். பற்றுச்சீட்டு எங்கே? இரண்டு கதவும் ஒரே கிணற்றுக்குள் திறந்தன.

அந்த நேரத்தில் மெற்றில்டா தன் ஆதாரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பழைய கொப்பி ஒன்று. நம் ஆட்களின் வீடுகளில் இருக்கும் கொப்பி உங்களுக்குத் தெரியும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று விழா முடிந்ததும் உறைகளைப் பிரித்து எழுதி வைப்பார்கள். அவர்கள் வீட்டு விழாவுக்கு நாங்கள் திருப்பிச் செய்யவேண்டுமே! பத்து, இருபது, ஐம்பது என்று இறங்கிக்கொண்டே வந்த வரிசையில் நடுவே ஒரு மலை: கௌரி அக்கா குடும்பம், 960.

பெண்மணி இலக்கத்தைப் பார்த்தார். திருப்தியாகத்தான் பார்த்தார். பிறகு விரலை மேலே கொண்டுபோனார். பக்கத்தின் தலைப்பில் மெற்றில்டா அழகான எழுத்தில் எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தாள். இது என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

எழுதியிருந்தது: 'பிள்ளைக்கு வந்த அன்பளிப்பு.'

அந்தக் கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். 'சம்பளக் கணக்கு' என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? முப்பது வருடமாகச் சொற்களை வைத்துப் பிழைப்பவன் நான். நல்ல கையால் சக்கர நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம்.

ஏனென்றால் மெற்றில்டா முந்திவிட்டாள். அலுவலகங்களில் வாயே திறக்காத மெற்றில்டா. அவளுக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில், ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"அதில் அன்பளிப்பு என்று எழுதியிருக்கிறது. ஆனால் அது என் சம்பளம். இவரை நான் ஐம்பத்திரண்டு படி இறக்குகிறேன். ஐம்பத்திரண்டு படி ஏற்றுகிறேன். அது வேலை."

அப்படியானால் ஏன் இப்படி எழுதினீர்கள் என்று பெண்மணி கேட்டார்.

"வெட்கம்," என்றாள் மெற்றில்டா.

பெண்மணி பேனாவை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார். பிறகு நிதானமாகச் சொன்னார். கொப்பியில் இருப்பது அன்பளிப்பு. ஆகவே அது அன்பளிப்புத்தான், அதை நாங்கள் எங்கள் சொந்தப் பணத்தில் கொடுத்ததாக இருக்கவேண்டும். 960 யூரோவைப் பட்ஜெட் கணக்கில் திரும்பப் போடவேண்டும். வேலை செய்த வாரங்கள் எல்லாவற்றுக்கும் மணித்தியாலத் தாள் எழுதிக் கையெழுத்து வைத்து, சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கவேண்டும். பட்ஜெட் தொடருமா என்பதை அவர் தனியாக முடிவு செய்ய ஏலாது. எழுதி அறிவிப்பார்கள்.

மெற்றில்டா ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, தன் கணக்கு இலக்கத்தை எழுதினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திரும்பும் வழியில், பிள்ளையின் பணத்தை அப்படியே வைத்திருக்கிறேன், கொண்டுவந்து தருகிறேன் என்றாள். வீட்டில் கௌரியிடம் இதைச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "பூ முடி வைச்ச பிள்ளையிட்ட குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ? பட்டினி கிடந்தாலும் அது நடக்காது." ஆக, மெற்றில்டாவுக்கு அன்பளிப்பும் வந்தது, சம்பளமும் வரப்போகிறது. கௌரியின் கோடை விடுமுறைப் பணம் போனது. வாசிக்காமல் விட்ட ஐந்தாம் பக்கத்துக்கு நான் கொடுத்த விலை 960 யூரோ. இதைவிட விலை கூடிய பக்கம் எதையும் நான் வாசித்ததில்லை.

ஆனால் அது பயமில்லை. பயம் அதற்குப் பிறகு வந்த பதினைந்து நாள். தபால்காரர் வரும் நேரம் எனக்கு மனப்பாடம். கீழே பெட்டியின் மூடி தட்டும் சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்காது என்று கௌரி சொல்கிறாள். எனக்குக் கேட்டது. இறங்கிப் பார்க்க ஏலாது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த நாட்களில் படிகளைக் கனவில் எண்ணினேன். ஒரு நாளும் ஐம்பத்திரண்டாம் படி வரவில்லை.

பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை. மெற்றில்டா கடிதத்தோடு ஏறி வந்தாள். ஒற்றைத் தாள். இந்த முறை அவள் முன்னால் பிரித்தேன். தனியாகப் பிரிக்கத் துணிவில்லை. இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்து வாசித்தோம். பட்ஜெட் தொடர்கிறது. ஆறு மாதத்துக்கு. அதன் பிறகு மறுபடியும் சோதனை. 960 யூரோவை மூன்று தவணையாகக் கட்டலாம்.

ஆறு மாதம்! பயப்படுவதற்கு அது தாராளமான காலம்தான். ஆனாலும் அன்று படியிறங்கினோம்.

இந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவளுக்கு முதல் சம்பளம் வங்கியில் விழுந்தது. எனக்குப் புதிதாக ஒரு கலக்கம். இனி இவள் சம்பளக்காரி. நான்கு மணித்தியாலம் முடிந்ததும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவாள், நியாயமும் அதுதானே? சரியாக ஒன்பதுக்கு வந்தாள். நூலகத்துக்குப் போனோம், மருந்துக் கடைக்குப் போனோம், ஏறி வந்தோம். ஒரு மணிக்குத் தாளை எடுத்து, நேரத்தை எழுதி, கையெழுத்து வைத்தாள். என்னிடம் நீட்டினாள். நானும் வைத்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மேல்கோட்டை எடுத்தாள். பிறகு அதைக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"மணி முடிஞ்சுது அண்ணை. இனி நான் உங்கட வீட்டுக்கு வந்த ஆள். ஒரு தேத்தண்ணி தாங்கோ."

இரண்டு வருடமாக என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. எல்லோரும் தருவார்கள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, ஒரு கையால் தண்ணீர் பிடித்து, ஒரு கையால் கேத்தலை வைத்து, அதே கையால் தேயிலை டப்பாவோடு மல்லுக்கட்டி... கொதிநீரை ஊற்றும்போது உடம்பெல்லாம் நடுங்கியது. அவள் எழும்பி வரவில்லை. உதவி செய்தால் அதற்கும் தாள் எழுதவேண்டி வருமே என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரைமணி நேரம் பிடித்தது. கோப்பையில் பாதி, தட்டில் பாதி.

குடித்தாள். "சீனி காணாது," என்றாள்.

வெள்ளிக்கிழமை வருவாள். கேட்பாள். இப்போதே கை நடுங்குகிறது!